சந்தா என்னும் சம்பளம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர்வேலிக்குப் போக நேர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியில் கோப்பாயைத் தாண்டினால், செம்மண்ணும் வாழையுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான ஊர். என் மனைவிக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் அங்கே வாழைத்தோட்டம் செய்கிறார். "அத்தான், ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. பிள்ளையோட நீங்கள்தான் கதைக்க வேணும்" என்று தொலைபேசியில் அழைத்திருந்தார். குரலில் இருந்த அவசரத்தைக் கேட்டுக் கல்யாணப் பேச்சாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனேன். போன பின்னர்தான் அது உத்தியோகப் பேச்சு என்பது தெரிந்தது.

பிள்ளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரம் பயின்று பட்டம் பெற்றவள். பட்டம் பெற்ற பின் எல்லோரையும் போலக் காத்திருந்தாள். இப்போது பட்டதாரிகளுக்கான நியமனப் பட்டியல் ஒன்றில் அவளுடைய பெயர் வந்திருக்கிறது. வேறு மாவட்டத்தில், ஒரு அலுவலகத்தில், சித்திரத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லாத வேலை. ஆனால் மாதச் சம்பளம், ஓய்வூதியம், ஊரில் மரியாதை. இவளோ "யோசிச்சுச் சொல்லுறன்" என்று கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டாள். தகப்பனுக்கு நித்திரை இல்லை.

அவள் யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கடந்த ஒன்றரை வருடமாக அவள் ஒரு சிறு தொழில் செய்து வருகிறாள். மாதம் ஒரு சித்திரத்தை லினோலியம் துண்டில் செதுக்குகிறாள். அதில் மை உருட்டி, தாளை வைத்து, சாப்பாட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்து ஒவ்வொன்றாக அச்செடுக்கிறாள். அச்சு இயந்திரம் கிடையாது. துலாக் கிணறு, பனங்கூடல், குலை தள்ளிய வாழை, கிடுகு வேலி என்று ஒவ்வொரு மாதமும் ஒன்று. பின்புறத்தில் நாலு வரி தன் கையெழுத்தில் எழுதி, மட்டை வைத்த உறையிலிட்டுத் தபாலில் அனுப்புகிறாள். பெறுபவர்கள் வருடச் சந்தாவை முன்கூட்டியே செலுத்தியவர்கள். வெளிநாடென்றால் 60 டொலர், உள்நாடென்றால் 6,000 ரூபாய். ஆண்டுக்குப் பன்னிரண்டு சித்திரங்கள். இன்றைய தேதியில் 23 சந்தாக்காரர்கள். அவர்களுள் 17 பேர் கனடா, இங்கிலாந்து, நோர்வே, டென்மார்க் என்று சிதறிக் கிடப்பவர்கள்.

மைத்துனர் தோட்டக்காரர். கணக்கு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். டொலரைச் சுமார் 300 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், 23 பேரிடமிருந்து வருடத்துக்கு ஏறக்குறைய 3 இலட்சத்து 40 ஆயிரம் வருகிறது. தாள், மை, விமானத் தபால் என்று பாதி போய்விடும். மிஞ்சுவது மாதம் 14,000. "இதில சீவிக்கலாமோ, நீங்களே சொல்லுங்கோ" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. சீவிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும்.

உண்மையைச் சொன்னால், வேலையை எடு என்று சொல்லத்தான் நான் வாய் திறந்தேன். அதற்குள் அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, நீங்கள் முப்பது வருசத்துக்கு மேல பேப்பரில எழுதினீங்கள்தானே. உங்கட சம்பளம் ஆற்ற காசு?"

விளம்பரக்காரனின் காசு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் நான் பத்திரிகைக்கு வந்த தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் விளம்பரம் என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. மரண அறிவித்தல்கள் இருந்தன. பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் வராமல், பள்ளிக்கூடக் கொப்பிக்கான கோடு போட்ட தாளில் பத்திரிகை அடித்த காலம் அது. அந்தத் தாளையும் சனம் காசு கொடுத்து, வரிசையில் நின்று வாங்கியது. என் அரிசியும் பருப்பும் அந்தக் காசில்தான் வந்தன. பிள்ளை கேட்டதில் நியாயம் இருந்தது.

இப்படி வாசகனும் இரசிகனும் முன்பணம் கொடுத்துப் படைப்பாளியைத் தாங்குவது இணையம் கண்டுபிடித்த புதினம் என்று நம்மிற் பலர் நினைக்கிறோம். 2013 இல் பேட்ரியன் என்ற நிறுவனம் வந்ததோடு தொடங்கிய விடயம் என்பது இளையோர் எண்ணம். நம் தாத்தாமாருக்கு இது நன்கு தெரியும். அன்று இதற்குப் பெயர் 'கையொப்பம்'. உ.வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, நூல் வெளிவருமுன்னரே கையொப்பமிட்டுப் பணம் தர இசைந்தவர்களைத் தேடி அலைந்ததை என் சரித்திரத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். அவருக்கு முன்னரே ஏடுகளைத் தேடிப் பதிப்பிக்கத் தொடங்கிய சி.வை. தாமோதரம்பிள்ளை, நீர்வேலிக்கு அடுத்த ஊரான சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்தவர். வீரசோழியமும் கலித்தொகையும் அச்சில் வந்தது அவரால். உத்தியோகத்தில் உழைத்த காசைப் பதிப்பில் கரைத்தவர் அவர். ஒரே காலத்தில் ஒரே வேலையைச் செய்த இருவரில், ஒருவர் பிறர் கையொப்பத்தையும் மற்றவர் தம் சம்பளத்தையும் பெரிதும் நம்பியிருக்க வேண்டியிருந்தது.

பிறகு சஞ்சிகைக் காலம். இங்கே எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் 'சிரித்திரன்' சுந்தர் என்ற சிவஞானசுந்தரம். கட்டடக்கலை பயிலப் பம்பாய்க்குப் போய்க் கேலிச்சித்திரக்காரராகத் திரும்பி வந்தவர். சவாரித் தம்பரையும் மைனர் மச்சானையும் நமக்குத் தந்தவர். பத்திரிகைக்குச் சித்திரம் கீறிக் கொடுத்துக் கூலி வாங்கியவர், அறுபதுகளின் முற்பகுதியில் கொழும்பில் சொந்தமாகவே ஒரு நகைச்சுவை ஏட்டைத் தொடங்கினார். பின்னர் அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து தொடர்ந்து நடத்தினார். ஈழத்துத் தமிழ்ச் சூழலில் ஒரு சித்திரக்காரர் தம் கோட்டை நேரே வாசகனிடம் விற்றுச் சீவிக்க முனைந்ததற்கு அதைவிடப் பெரிய முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மல்லிகை டொமினிக் ஜீவா இன்னொருவர். 1966 ஓகஸ்டில் தொடங்கி 2012 வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரு தனிமனிதர் ஓர் இலக்கிய மாசிகையை நடத்தினார் என்றால், அதற்கு அடிப்படை அவருடைய கால்கள். சவரக்கடை நடத்திய அந்த மனிதர் தோளில் பையைக் கொழுவிக் கொண்டு தெருத் தெருவாக நடந்து தம் இதழைத் தாமே விற்றார். எண்பதுகளின் இறுதியில், மாணவனாக இருந்த நான் அவரிடம் ஓர் இதழை வாங்கிக் காசு பிறகு தருவதாகச் சொன்னேன். கொடுத்தேனா என்பது ஞாபகமில்லை. கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். 2021 ஜனவரியில் அவர் மறைந்த செய்தி வந்த அன்று, மற்றவர்கள் அவருடைய இலக்கியப் பணி பற்றி எழுதிக் கொண்டிருக்க, என் மனதில் அந்தச் சில ரூபாய்தான் நின்றது.

"பிறகு தாறன்" என்ற இந்த இரண்டு சொல்லும் கொன்ற சஞ்சிகைகள் நம்மிடையே எத்தனையோ. கூடவே இன்னொரு வியாதியும் உண்டு, இலவசப் பிரதி. படைப்பாளியின் உறவினர், நண்பர், ஆசிரியர், மாணவர் அனைவரும் அதற்கு உரித்துடையவர்கள் என்பது எழுதாத சட்டம். நீர்வேலியிலும் அதுதான் கதை. பிள்ளை அச்செடுப்பது அறிந்த அயலட்டை, "எங்களுக்கும் ஒண்டு தாவன், சும்மா படந்தானே" என்கிறதாம். அதே அயலட்டை மைத்துனரிடம் ஒரு சீப்புக் கதலியைச் சும்மா கேட்காது.

ஐரோப்பாவில் இதே முயற்சி நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் நடந்திருக்கிறது. 1905 யூனில் ஜேர்மனியின் ட்றெஸ்டன் நகரில் கட்டடக்கலை மாணவர் நால்வர் ஓர் ஓவியர் குழுவை அமைத்தனர். கிர்ஷ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ரொட்லுவ், புளேயல் என்பன அவர்களின் பெயர்கள். (அங்கேயும் கட்டடக்கலை மாணவர்கள்! வீடு கட்டப் படிப்பவர்களுக்கு ஏன் இப்படிப் புத்தி போகிறதோ தெரியாது.) குழுவுக்குப் 'பாலம்' எனப் பொருள்படும் பெயரை இட்டார்கள். கையில் காசில்லை. ஓவியர் அல்லாதவர்களையும் ஆண்டுக்கு 12 மார்க் சந்தாவுக்கு உறுப்பினராகச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்தவருக்கு ஆண்டுதோறும் ஓர் அறிக்கையும், மரவெட்டு, கல்லச்சு போன்ற மூல அச்சுச் சித்திரங்கள் கொண்ட ஒரு கோவையும் கிடைத்தன. 1906 முதல் சில ஆண்டுகள் இது ஒழுங்காக நடந்தது. அத்தகைய சந்தாக்காரர் தொகை நூறைக்கூட எட்டியதில்லை. 1912 ஆம் ஆண்டுக்கென ஆயத்தமான கோவை, குழுவுக்குள் எழுந்த பிணக்கினால் சந்தாக்காரரைச் சென்றடையவில்லை. மறு ஆண்டு குழுவே கலைந்தது. சந்தா வாங்கியவன் பொருளை அனுப்பாமல் விட்டால் கடை பூட்டப் போகிறது என்று அர்த்தம். ட்றெஸ்டனிலும் அப்படி, யாழ்ப்பாணத்திலும் அப்படி.

அந்தச் சந்தாக்காரருள் ஒருவர் ரோசா ஷாப்பிரே என்ற பெண்மணி. ஹம்பேர்க்கில் வாழ்ந்த யூதர், கலை வரலாற்று அறிஞர். ஓவியர்கள் அவருக்குத் தபாலட்டைகளில் கையால் வரைந்து அனுப்பினார்கள். 1937 இல் நாசிகள் இந்த ஓவியர்களின் படைப்புகளைச் சீர்கெட்ட கலை என்று பழித்தனர். கிர்ஷ்னருடைய படைப்புகள் மட்டும் அறுநூறுக்கு மேல் அரும்பொருட்சாலைகளிலிருந்து அகற்றப்பட்டன. ஹெக்கலின் பேர்லின் ஓவியக்கூடம் 1944 இல் குண்டுவீச்சில் எரிந்து போயிற்று. ஷாப்பிரே 1939 இல் அகதியாக இங்கிலாந்துக்குத் தப்பியபோது தம்மிடமிருந்த சித்திரங்களையும் கொண்டு போனார். அரண்மனை போன்ற அரும்பொருட்சாலையில் இருந்தவை பறிபோயின. ஓர் அகதிப் பெண்ணின் கையில் இருந்தவை பிழைத்தன.

இதை வாசித்தபோது எனக்கு மாற்கு மாஸ்ரரின் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்து நவீன ஓவியத்தின் பெருமகன், ஒரு தலைமுறைக்கே ஓவியம் கற்பித்தவர், 2000 இல் மறைந்தவர். அவர் தீட்டியவற்றுட் பலவற்றைப் போரும் இடப்பெயர்வும் விழுங்கிவிட்டன. 1995 ஒக்டோபர் இறுதியில் சனம் கையிற் கிடைத்ததோடு தென்மராட்சி நோக்கி நடந்தபோது, சட்டமிட்ட ஓவியத்தை யார் சுமப்பார்? 1981 இல் நூலகத்தை எரியக் கொடுத்தவர்கள் நாங்கள். ஒரு பொருளை ஒரே கட்டடத்தில் வைத்துப் பூட்டுவதன் ஆபத்தை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நீர்வேலிப் பெண் செதுக்கிய துலாக் கிணறு ஒஸ்லோவிலும் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருபத்து மூன்று வீட்டுச் சுவர்களில் இருக்கிறது. அவளுடைய வீட்டுக்கு எது நேர்ந்தாலும் அந்தக் கிணறு தூராது. கணினித் திரையில் இலவசமாகப் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

தபாலை நம்பி ஒரு வாழ்வை அமைக்கலாமா என்ற கேள்வி அதைவிடக் கடினமானது. 2022 ஓகஸ்டில் நம் நாட்டில் 15 ரூபாயாக இருந்த சாதாரண கடிதக் கட்டணம் ஒரே நாளில் 50 ரூபாயாயிற்று. அதே ஆண்டில் ரூபாய் சரிந்ததில், வெளிநாட்டுத் தாளும் மையும் தொடமுடியாத விலைக்குப் போயின. 2024 நவம்பர் நடுப்பகுதி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை கனடாவில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம். தமிழர் அதிகம் வாழும் நாட்டில், வாழ்த்து மடல்களின் மாதத்தில், ஒரு கடிதம் நகரவில்லை. டென்மார்க்கின் அரச தபாற் சேவை நானூறு ஆண்டுப் பழக்கத்தை முடித்துக் கொண்டு 2025 இறுதியுடன் கடிதம் கொண்டு செல்வதையே நிறுத்திவிட்டது. இப்போது அங்கே தனியார் நிறுவனம் ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. பணம் வருகிற வழியும் நேரானதன்று. பேபால் மூலம் இலங்கையிலிருந்து காசு செலுத்த முடிந்ததே தவிர, பெற்றுக்கொள்ள வழியின்றிப் பல ஆண்டுகள் கழிந்தன. பிள்ளையின் சந்தாக்காரருள் ஒருவர் ஊரிலுள்ள தம் தாயாருக்கு அனுப்பும் காசோடு சேர்த்து அனுப்புகிறார். அந்த அம்மா பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறாராம்.

இன்னொன்றும் உண்டு. சந்தா வாங்கியவன் கடன்காரன். மனம் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் உறை போக வேண்டும். அமெரிக்கப் பறவைகளை வரைந்த ஓடுபொன், 1827 இலிருந்து 1838 வரை பதினொரு ஆண்டுகள், ஐந்தைந்து படங்களாக 87 பகுதிகள், மொத்தம் 435 படங்களைச் சந்தாக்காரருக்கு அனுப்பி முடித்தார். இடையில் கழன்றவர்களுக்குப் பதிலாகப் புதியவர்களைத் தேடி ஊரூராக அலைந்தார். முடிவில் நிறைவுற்ற தொகுதிகள் இருநூறுக்கு மேல் இல்லை என்கிறார்கள். வரைவதற்குச் செலவிட்ட நேரத்துக்குக் குறையாமல் சந்தாக்காரரைக் கட்டிக் காப்பதிலும் அவருக்கு நேரம் போயிருக்கும். பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "ஓம் மாமா, மாதக் கடைசியில எனக்குப் படம் கீறுறதைவிட விலாசம் எழுதுற வேலைதான் கூட" என்றாள். மார்கழியில் காய்ச்சல் வந்து கிடந்தபோது, முன்னொரு நாள் செதுக்கிப் பிடிக்காமல் எறிந்த துண்டை எடுத்து அச்சடித்து அனுப்பினாளாம். அது இன்னும் அவளுக்குக் குத்துகிறது. சந்தாக்காரர் ஒருவரும் குறை சொல்லவில்லை. அதுவும் குத்துகிறது.

இனி, இந்தப் பத்தியை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். ரொறொன்ரோவில் வசதியாக இருக்கும் உறவினர் ஒருவர், நல்ல மனிதர், இதைக் கேள்விப்பட்டு என்னுடன் பேசினார். "ஐஞ்சு பத்து டொலருக்கு ஏன் அந்தப் பிள்ளை தபால் கந்தோருக்கு அலையுது? நான் ஒரே அடியா இரண்டு இலட்சம் அனுப்பிறன், நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்றார். படம் ஏதும் வேண்டுமா என்று கேட்டேன். படம் வேண்டாமாம். ஓர் ஓவியக் கண்காட்சி வைத்து, அழைப்பிதழில் அனுசரணை என்று தம் தகப்பனார் பெயரைப் போட்டால் போதுமாம்.

புலம்பெயர்ந்த நம்மவரின் கொடைக்குணத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கோவில் கோபுரமும் பள்ளிக்கூட மண்டபமும் அவர்கள் காசில் எழுந்தவை. ஆனால் கோபுரம் ஒருமுறை கட்டினால் நிற்கும். சித்திரக்காரி மாதாமாதம் சாப்பிட வேண்டும். இரண்டு இலட்சம் ஒரு வருடத்தில் கரையும். அடுத்த வருடம் கொடுத்தவரின் மனநிலை எப்படியோ, அவருடைய வியாபாரம் எப்படியோ. ஆண்டுக்கு 60 டொலர் கொடுத்த ஒருவர் விலகினால் இருபத்திரண்டு பேர் மிஞ்சுகிறார்கள். இரண்டு இலட்சம் கொடுத்தவர் விலகினால் ஒருவரும் இல்லை. தவிர, நன்கொடை கொடுத்தவருக்கு அவள் நன்றி சொல்லிக் கொண்டே இருக்க வேண்டும். சந்தா கொடுத்தவருக்கு அவள் படத்தை அனுப்பினால் போதும், கணக்குத் தீர்ந்தது. அவர் படம் நன்றாயில்லை என்றுகூட எழுதலாம். நன்கொடையாளர் அப்படி எழுதமாட்டார், ஏனென்றால் அவர் படத்தைப் பார்ப்பதே இல்லை.

சோழமண்டலக் கலைஞர்கள் வேறு வழி கண்டார்கள். 1966 இல் பணிக்கர் தலைமையில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கியவர்கள், பற்றிக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்ற காசில் அதைச் செய்தார்கள். ஓவியம் விற்காவிட்டாலும் அடுப்பெரிய வேண்டும் என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. அதற்கு ஒரு பெருநகரமும் முப்பது நாற்பது பேர் கொண்ட கூட்டமும் வேண்டும். நீர்வேலியில் ஒருத்தி தனியே செய்யக்கூடியது சந்தாதான் என்று எனக்குப் படுகிறது.

இப்போதைய விகிதத்தில் நூறு வெளிநாட்டுச் சந்தாக்காரர் இருந்தால் செலவு போக மாதம் 75,000 ரூபாயளவில் மிஞ்சும். இந்தக் கணக்கை நான் ஒரு தாளில் எழுதி மைத்துனரிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "வாழை வைச்சாலும் முதற்குலை வெட்டப் பத்துப் பன்னிரண்டு மாசம் பாத்துக்கொண்டுதான் இருக்கிறம். இவளுக்கு ஒண்டரை வருசமாச்சு. இன்னும் எவ்வளவு காலம் எண்டு ஆர் சொல்லுறது?" என்றார். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. நூறு பேர் சேர ஒரு வருடமும் ஆகலாம், சேராமலும் போகலாம். அரசாங்கக் கடிதத்துக்கு மறுமொழி அனுப்ப இம்மாத இறுதி வரைதான் தவணை.

வெளிக்கிடும்போது நானும் 6,000 ரூபாயைக் கொடுத்தேன். "மாமாவிட்ட என்னண்டு காசு வாங்கிறது" என்று பின்வாங்கினாள். வாங்கத்தான் வேண்டும் என்று சொல்லி, ரசீதும் கேட்டு வாங்கிக் கொண்டேன். இப்போது 24 பேர். இம்மாதப் படம் சங்கடப்படலை. நான் புறப்பட்டபோது மைத்துனர் முற்றத்தில் சைக்கிளை நிறுத்தி, மறுநாள் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோக வேண்டிய உறைகளை எண்ணிக் கொண்டிருந்தார். எண்ணியது போதாதென்று, மழை வந்தால் நனையாமலிருக்க வாழைக்குலைக்குப் போடும் பொலித்தீன் பையொன்றைத் தேடி எடுத்து அவற்றை அதற்குள் வைத்தார்.